ஐந்து வரை எண்ணியவர்

அத்தியாயம் 9

"அந்தப் படத்தை நான் பார்க்கேல்ல. பார்க்கவும் மாட்டன். நீங்க பாருங்க அக்கா," என்று சொல்லி, செல்வமலர் ஒரு காக்கி உறையை மேசையில் வைத்தார். வைத்த கையை உடனே இழுத்துக்கொண்டார்.

உறையை எடுத்தது நான்தான். எங்கள் அலுவலகத்தில் எதையும் முதலில் தொடுவது நான், கடைசியில் புரிந்துகொள்வதும் நான். பெயர் பிரவின்குமார், வயது முப்பத்துநாலு. மென்பொருள் எழுதச் சென்னையிலிருந்து மொன்ட்ரியாலுக்கு வந்தேன். கம்பெனி போய்விட்டது, நான் போகவில்லை. இரண்டு வருடமாக வில்லரேயில், ஒரு சலவைக்கடையின் மாடியில், துப்பறியும் உரிமம் வைத்திருக்கும் கிளி அக்காவுக்கு உதவியாளன். திருகோணமலைக்காரி, ஐம்பது வயது. முதல் நாள் 'மேடம்' என்று கூப்பிட்டுத் தொலைத்தேன். "இன்னொருக்கா மேடம் எண்டால் வேலையால நிப்பாட்டிப்போடுவன்," என்றார். அன்றிலிருந்து அக்கா.

2005 நவம்பரின் கடைசித் திங்கள், காலை ஒன்பதரை. ஜன்னலில் பனி ஒட்டிக்கொண்டிருந்தது. செல்வமலர் மட்டக்களப்புக்காரி, நாற்பதைத் தொடும் வயது, வெறும் நெற்றி. ஆகஸ்டில் செயின்ட்-மிஷேலில் ஒரு டெப்பனருக்குள், அதுதான் இந்த ஊர் மூலைக்கடைக்குச் சொல்லும் பெயர், ஒருவன் ரைபிளோடு புகுந்து கொள்ளையடித்தான். அதில் இறந்தவர் பேனாட், இவருடைய கணவர். சுட்டவனைப் பிடித்து உள்ளே வைத்துவிட்டார்கள். ஆகவே போலீசுக்கு வேலை முடிந்துவிட்டது. இவருக்கு முடியவில்லை.

"நாளைக்கு ரெண்டு மணிக்கு எனக்கு ஏழு நிமிசம் தந்திருக்கிறாங்க," என்றார்.

விஷயம் இதுதான். அந்த மாதிரி ரைபிளின் மேகசினில், அதாவது தோட்டா நிரப்பும் இரும்புக் கூட்டில், ஐந்துக்கு மேல் அடைக்கக் கூடாது என்பது இங்கே சட்டம். ஆனால் முப்பது கொள்ளும் கூட்டையே செய்து, நடுவில் ஒரு ரிவெட் ஆணி அடித்து, 'இது ஐந்து' என்று விற்கலாம். இப்போது தலைநகர் ஒட்டாவாவில் ஒரு மசோதா கிடக்கிறது. ஆணி அடித்த பெரிய கூடே கூடாது, ஐந்துக்கென்றே செய்த சின்னக் கூட்டை மட்டும்தான் விற்கலாம் என்கிறது அது. நாடாளுமன்றக் குழு ஒன்று மொன்ட்ரியாலுக்கு வந்து மக்களிடம் கருத்துக் கேட்கிறது. செல்வமலர் பேசப் பெயர் கொடுத்திருந்தார்.

"துப்பாக்கிக் கழகத்து ஆள் பேப்பரில சொல்லிட்டார், அந்தக் கூடு எல்லை தாண்டிக் கள்ளமா வந்ததாம். இஞ்ச என்ன சட்டம் போட்டாலும் அதை நிப்பாட்டி இருக்கேலாதாம். சுட்டவனும் அதைத்தான் சொல்லுறான். அப்ப இவர் செத்ததுக்கும் சட்டத்துக்கும் சம்பந்தமில்ல எண்டா, நான் அங்க போய் என்னத்தைக் கதைக்கிற?"

"உங்கட அவருக்கு இந்தச் சட்டம் தெரியுமா?" என்று கிளி அக்கா கேட்டார்.

"ரேடியோவில கேட்டவர். ஊரில நாங்க கட்டிலுக்குக் கீழ கிடந்து முப்பது வரைக்கும் எண்ணுவம். முப்பது முடிஞ்சா கூட்டை மாத்துவாங்கள், அந்த இடைவெளியில ஓடோணும். இஞ்ச அஞ்சுதான் எண்டு அறிஞ்சவுடன அவருக்குச் சரியான சந்தோசம். 'ஊரில முப்பது, இஞ்ச அஞ்சு. நாம சரியான நாட்டுக்குத்தான் வந்திருக்கிறம் புள்ள' எண்டு சொல்லிச் சிரிப்பார்."

அதைச் சொன்னபோது அவர் முகத்தில் லேசாகச் சிரிப்பும் வந்தது. எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

அவர் நாளைக்குப் பேசுவதற்கு எழுத வேண்டுமென்று வேலைக்கு லீவு போட்டிருந்தார். கிளம்பிப் போனதும் கிளி அக்கா உறையிலிருந்து படத்தை உருவினார். போலீஸ் எடுத்த படம், குடும்பத்து வக்கீல் மூலமாக வந்தது. நேரான, சப்பையான ஒரு இரும்புக் கூடு. அடித்தட்டைக் கழற்றி வைத்து எடுத்திருந்தார்கள்.

"இதில என்ன தெரியுது தம்பி?"

"ஒரு ஓட்டை தெரியுதுக்கா. நம்ம தொழில்ல நான் பார்க்காத ஓட்டையா?"

"அந்த வாயைக் கொஞ்சம் வாடகைக்கு விடு. நல்லாப் பார். ஆணி இருந்த இடத்தில ஓட்டை. எல்லைக்கு அங்கால இந்த ஆணி அடிக்கிற சட்டமே இல்லை. கள்ளமா வந்த கூட்டுக்கு ஆணி ஏது? ஆணி இல்லாட்டிக் கழற்றின ஓட்டை ஏது?"

நான் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டேன். "அப்ப இது இங்கேயே, கடையில, சட்டப்படி வித்தது! கேஸ் முடிஞ்சுதுக்கா. பத்து நிமிஷம்கூட ஆகல."

"ஓட்டையை ஆரும் எதுக்கும் போடலாம் எண்டு சொல்லுவினம். போட்ட கையைக் காட்டோணும்." படத்தின் கீழ் ஓரத்தைத் தொட்டார். "இது என்ன?"

அடித்தட்டு மூடியிருந்த விளிம்பில் சின்னதாக ஒரு சிவப்பு வட்டம். படத்தோடு வந்த போலீஸ் குறிப்பில் பிரெஞ்சில் இரண்டே வார்த்தை இருந்தது: சிவப்பு ஒட்டுவட்டம். பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

நான் வாய்விட்டுச் சிரித்தேன். மூன்று மாதமாக மொன்ட்ரியால் போலீஸ் கேள்விக்குறி போட்டு வைத்திருந்ததை, எங்கள் வீட்டு பாத்ரூம் கண்ணாடியில் நான் பிறந்ததிலிருந்து பார்த்து வருகிறேன். அம்மா குளிக்கப் போகுமுன் ஒட்டிவிட்டுப் போவது, என் அக்கா ஒட்டிவிட்டு மறந்தது, இருபதாவது இருக்கும்.

"ஸ்டிக்கர் பொட்டுக்கா இது!"

கிளி அக்கா என்னைச் சிரிக்காமல் பார்த்தார். "சிரிக்கிற விசயமில்லை தம்பி. இது எங்கட ஆக்கள்ர கை."

பேனாட் இறந்த அந்த டெப்பனரின் கதவைத் திறந்ததும் மணி அடித்தது. கல்லாவில் இருந்த சிசிலி "பொஞ்சூர்" என்றவர், எங்கள் முகத்தைப் பார்த்ததும் "வாங்கோ" என்று மாற்றிக்கொண்டார். பேனாட்டின் பெயரைச் சொன்னதும் ரேடியோவை அணைத்தார்.

"பின்னேரம் நாலு மணிக்கெல்லாம் வந்து இந்தப் பால் பெட்டியடியில நிப்பார். மனிசி வேலை முடிஞ்சு வருமட்டும் ஒரு கோப்பி, நாலு பகிடி. அண்டைக்கும் அப்பிடித்தான். அவன் வந்த உடன லொத்தர்ச் சீட்டு மெசினுக்குச் சுட்டான். நாங்கள் ரெண்டு பேரும் கீழ படுத்திட்டம். பேனாட் அண்ணை எண்ணத் தொடங்கினார்."

"சத்தமாவா?"

"எனக்குக் கேக்கக்கூடியதா. கதவடியில ஒரு பொம்பிளை, குழந்தை வண்டிலோட. வண்டில் சில்லு சிக்கிப்போச்சு, அவவால அசைய ஏலாது. அண்ணை அவவையே பார்த்துக்கொண்டு எண்ணுறார். அஞ்சு எண்டவுடன, 'முடிஞ்சுது சிசிலி, இனி அவன் மாத்தோணும்' எண்டு எழும்பி ஓடினார்."

"பேந்து?"

"ஆறை நான்தான் எண்ணினன்," என்றார் சிசிலி. "குழந்தைக்கு ஒண்டுமில்லை. வண்டிலை வெளியில தள்ளிப்போட்டுத்தான் விழுந்தவர்."

ஊரில் முப்பது வரை எண்ணி உயிரோடு வந்த மனிதர், இந்த ஊர்ச் சட்டத்தை நம்பி ஐந்தில் எழுந்திருக்கிறார். எந்தக் கனடாக்காரனும் இந்தத் தவறைச் செய்திருக்க மாட்டான். அவனுக்கு எண்ணவே தோன்றியிருக்காது.

கிளி அக்கா மட்டும் நிறுத்தவில்லை. "சுட்டவனை முந்திக் கண்டிருக்கிறீங்களா?"

"ஓம். மாசத்தில ஒருக்கா வருவான். பின்பக்கப் பட்டறையில பெட்டி இறக்கிப்போட்டுச் சிகரெட் வாங்க வாறவன்."

"போலீசுக்குச் சொன்னனீங்களா?"

"பேர் தெரியுமா எண்டு கேட்டாங்கள். தெரியாது எண்டன். எழுதிக்கொண்டு போயிட்டாங்கள். பேந்து ஒருத்தரும் வரேல்லை."

வெளியே வந்ததும் காற்று முகத்தில் அறைந்தது. கடைக்குப் பின்னால், சந்தின் முடிவில், தகரக் கூரை போட்ட பட்டறை தெரிந்தது. எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"அக்கா, மனைவி வேலை முடிஞ்சு வர்ற வரைக்கும் இங்க நிப்பாருன்னா... செல்வமலர் அக்கா வேலை செய்யற இடம்..."

"வாயை மூடிக்கொண்டு நட," என்றார் கிளி அக்கா. திட்டுவது போல இல்லை, கெஞ்சுவது போல இருந்தது.

பட்டறைக்குள் டிரில் சத்தம் காதைப் பிளந்தது. நான்கைந்து பெண்கள், ஆளுக்கொரு மெசின். ஃபோர்மன் குலேந்திரன் சட்டைப்பையில் மூன்று பேனாவோடு வந்தார். நாங்கள் வேலை கொடுக்க வந்தவர்கள் என்று நினைத்துவிட்டார் போல, ஒரே உபசாரம். கிளி அக்கா அந்த நினைப்பைக் கலைக்கவில்லை. மேசையில் தட்டுத் தட்டாக இரும்புச் சாமான்கள் அடுக்கியிருந்தன. ஒவ்வொரு தட்டிலும் மேலே கிடந்த சாமானில் ஒரு பொட்டு ஒட்டியிருந்தது.

"இது என்ன தம்பி, நல்ல வடிவாக் கிடக்கு?"

குலேந்திரனுக்குப் பெருமை தாங்கவில்லை. "என்ட யோசனை அக்கா. கொம்பனி லேபல் எழுதச் சொன்னது, பிரெஞ்சில. எங்கட பொம்பிளையளுக்கு வராது. இருபத்தஞ்சு சாமானுக்கு ஒரு தட்டு, மேல கிடக்கிறதில ஒரு பொட்டு, ஆளுக்கு ஒரு நிறம். பிழை வந்தால் ஆரின்ட கை எண்டு உடன பிடிச்சிடுவன். பச்சை மேனுகா. கறுப்பு பிலோமினம்மா. அவ வேதக்காரி, நெத்தியில பொட்டே வைக்காதவ, தட்டுக்கு மட்டும் வைப்பா!"

அவர் சிரித்தார். நானும் சிரிக்க முயன்றேன்.

"சிவப்பு?" என்றார் கிளி அக்கா.

"சிவப்பு செல்வமலர். இண்டைக்கு லீவு. பாவம், புருசன் செத்தபிறகு நெத்தியில வைக்கிறேல்லை. பொட்டு அட்டை முழுக்க இஞ்சதான் முடியுது."

கிளி அக்கா படத்தை எடுத்து மேசையில் வைத்தார். குலேந்திரன் குனிந்து பார்த்தார். பிறகு நிமிரவேயில்லை.

"சத்தியமாத் தண்ணிப் பம்பின்ட உறை எண்டுதான் அவன் சொன்னவன் அக்கா. உள்ளுக்கு ஸ்பிரிங் இல்லை, அடித்தட்டு இல்லை, வெறும் கூடு. ஆணியை மட்டும் எடுத்துத் தாங்கோ எண்டான். எங்களுக்கு என்ன தெரியும்?"

"எத்தினை?"

"மூண்டு தரம் வந்தது. எழுபத்தஞ்சு."

"எப்ப விளங்கினது?"

"ஓகஸ்டில. பேப்பரில அவன்ட படத்தைக் கண்டவுடன." குரல் உடைந்தது. "தட்டில மேல கிடந்ததைத்தான் அவன் தனக்கு எடுத்திருக்கிறான் போல. நான் ஆருக்குச் சொல்லுறது? போலீசுக்குச் சொன்னால் பட்டறையைப் பூட்டுவாங்கள், இத்தினை பேரின்ட வேலையும் போகும். அவவுக்குச் சொல்லலாமெண்டு நாலு தரம் மெசினடிக்குப் போனன். நீங்களே சொல்லுங்கோ பாப்பம், எப்பிடிச் சொல்லுறது?"

கிளி அக்கா படத்தை எடுத்துப் பையில் வைத்தார். வாசலில் நின்று, வழக்கை விசாரித்த போலீஸ்காரருக்கு ஃபோன் போட்டார். எழுபத்துநாலு கூடுகள் ஊருக்குள் எங்கேயோ இருக்கின்றன, உடனே பேச வேண்டும் என்றார். மறுமுனையில் இருந்தது பதிவு மெசின். அந்த அதிகாரி வியாழன் வரை விடுமுறை.

காரில் ஏறியதும் ரேடியோ இரவு ஒட்டாவாவில் நடக்கப் போகும் வாக்கெடுப்பு பற்றி பிரெஞ்சில் பொரிந்து தள்ளியது. எரிச்சலில் நிறுத்தினேன்.

"அக்கா, அவங்க கேட்டது ஒண்ணுதான். கூடு இங்க வித்ததா, வெளியிலேர்ந்து வந்ததா? இங்க வித்ததுதான்னு சொல்லிட்டா முடிஞ்சுது. யார் ஓட்டை போட்டாங்கன்னு அவங்க கேக்கவே இல்ல."

"வியாழக்கிழமை போலீசு பட்டறைக்குப் போகும். ஆரோ ஒருத்தன் அவவிட்டப் பிரெஞ்சில கேப்பான், இது உம்மட பொட்டா எண்டு. அப்பிடியா அவ அறியோணும்?"

"இல்லதான்."

"அப்ப காரை எடு."

செல்வமலரின் வீடு மொன்ட்ரியால்-நோரில், மூன்றாவது மாடி. பதினொரு வயது மகள் ரக்ஷனா சாப்பாட்டு மேசையில் பிரெஞ்சில் எழுதிக்கொண்டிருந்தாள். அம்மா தமிழில் சொல்ல, மகள் பிரெஞ்சாக்க, இரண்டு பக்கம் ஆகியிருந்தது. எங்களைக் கண்டதும் செல்வமலரின் முகம் மலர்ந்தது. "என்ன அக்கா, கண்டுபிடிச்சிட்டீங்களா?"

கிளி அக்கா பிள்ளையை உள்ளே அனுப்பினார். முதலில் ஆணியைப் பற்றிச் சொன்னார். "நான் நினைச்சன்! நான் நினைச்சன் அக்கா!" என்று செல்வமலர் கையைத் தட்டினார். அதற்குப் பிறகு மீதியைச் சொல்ல வேண்டியிருந்தது. கிளி அக்கா எதையும் சுற்றிவளைக்கவில்லை. பம்பு உறை, மூன்று தரம், தட்டு, பொட்டு.

"சிவப்பா?" என்றார் செல்வமலர்.

"ஓம்."

அவர் தன் வலது கையை விரித்துப் பார்த்தார். பிறகு பேசத் தொடங்கினார், எங்களிடம் அல்ல, மேசையிடம்.

"அது லேசான வேலை. மற்றதெல்லாம் கை நோகும். அந்தப் பெட்டி வந்தா எனக்குத் தாங்க, எனக்குத் தாங்க எண்டு சண்டை பிடிச்சு வாங்குவன். இவர் கடையில காத்துக்கொண்டு நிப்பார், கெதியா முடிச்சிட்டுப் போகலாம் எண்டு..."

அதற்கு மேல் வரவில்லை. மகளுக்குக் கேட்கக்கூடாதென்று சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு அழுதார். கிளி அக்கா எழுந்துபோய் அவர் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"தெரியாம செஞ்சதுங்க," என்றேன். முட்டாள்தனமான பேச்சு, ஆனாலும் சொல்லிவிட்டேன்.

"தெரியாமத்தான் தம்பி. தெரியாமச் செஞ்சதெண்டா ஆள் எழும்பி வருவாரா?"

அழுது முடித்து முகம் கழுவி வந்தார். "நாளைக்கு நான் இதைச் சொல்லுவன்," என்றார்.

"வேலை போகும். போலீசு உங்களையும் கேள்வி கேக்கும்," என்றார் கிளி அக்கா.

"அரை நிமிசம் அக்கா, ஒரு ஆணிக்கு. எழுதப் படிக்கத் தெரியாத பொம்பிளையும் எடுப்பாள். அது பூட்டில்ல, சும்மா ஒரு ஆணி எண்டு அவங்களுக்கு நான் சொன்னாத்தான் விளங்கும். வேற ஆர் சொல்லுவாங்க?" உள் அறைக் கதவைப் பார்த்தார். "புள்ளையிட்ட இதை எழுதச் சொல்ல மாட்டன். இதை மட்டும் தமிழில சொல்லுறன். மொழிபெயர்க்க ஆள் இருக்காமே."

இரவு முழுக்க எனக்கு நல்ல தூக்கம் இல்லை. செய்தியும் பார்க்கவில்லை. அதுதான் நான் செய்த தவறு.

மறுநாள் ஒன்றே முக்காலுக்குக் குழு கூடும் மண்டபத்தின் வாசலில் நின்றோம். செல்வமலர் நீலச் சேலைக்கு மேல் பெரிய குளிர்கோட்டுப் போட்டு, உதட்டுக்குள் எதையோ சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. "என்ன எழுதியிருக்கு தம்பி?" என்றார்.

என் பிரெஞ்சு நொண்டும். அன்றைக்கு அது நொண்டாமல் வந்ததுதான் கொடுமை. முந்தின இரவு நம்பிக்கை வாக்கெடுப்பில் அரசு தோற்றுவிட்டது. காலையில் நாடாளுமன்றத்தைக் கலைத்துவிட்டார்கள், தேர்தல் வருகிறது. சபை இல்லையென்றால் குழு இல்லை. குழு இல்லையென்றால் கூட்டம் இல்லை. மசோதா, கிடந்த இடத்திலேயே செத்துப்போனது.

"அப்ப பேந்து ஒருநாள் வைப்பாங்களா?"

"முதல்லேர்ந்து ஆரம்பிக்கணுங்க. யாராவது ஆரம்பிச்சா."

எனக்கு யாரையாவது அடிக்க வேண்டும் போலிருந்தது. அடிக்க அங்கே ஆள் இல்லை. கிளி அக்கா தாளைக் கிழித்து எடுத்து, மறுபடி படித்து, மடித்துப் பையில் போட்டார். என்ன செய்வதென்று அவருக்கும் தெரியவில்லை என்பதை அன்றுதான் பார்த்தேன்.

செல்வமலர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். ஹெயிட்டிக்காரர் ஒருவர், வயதானவர், நாற்காலிகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார். முன்னால் நீள மேசை ஒன்று இன்னும் மிச்சம் இருந்தது. செல்வமலர் நேரே போய் அதன் முன்னால் நின்றார். கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டார்.

"என்ட பேர் பேனாட் செல்வமலர்," என்று தொடங்கினார், தமிழில். "என்ட புருசன் இந்த நாட்டுச் சட்டத்தை நம்பி அஞ்சு எண்டு எண்ணினவர். அந்த ஆணியை எடுத்தது நான்தான். அரை நிமிசம்கூட எடுக்கேல்ல."

எல்லாவற்றையும் சொன்னார். லேசான வேலை என்று சண்டை பிடித்து வாங்கியதையும் சொன்னார். கிழவர் கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்துவிட்டு, தொப்பியைக் கழற்றி, கடைசி வரைக்கும் நின்று கேட்டார். முடிந்ததும் குனிந்து, "மெர்சி, மதாம்," என்று நன்றி சொன்னார்.

செல்வமலர் என் பக்கம் திரும்பினார். "அவருக்கு விளங்கினதா தம்பி?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். "ஒரு வார்த்தைகூட புரியலங்க," என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டார்.

"அப்ப திரும்பவும் சொல்லோணும்," என்றார்.